பழம் விழக்கூடாது

பிரேமலாவுக்குக் கவலைப்படுவது கைவந்த கலை. மழை வந்தால் லோரி சறுக்கும் என்று கவலை. வெயில் அடித்தால் செம்பனைக் குலை வற்றி எடை குறையும் என்று கவலை. இரண்டும் இல்லாமல் மந்தாரமாக இருந்தால், ஏன் இப்படி இருக்கிறது என்று கவலை. கோல சிலாங்கூருக்கு வடக்கே, சுங்கை செராய்த் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் அவள் எடைமேடைக் கணக்கெழுதும் கிராணி. பதினெட்டு வருஷமாகக் குலை ஏற்றிய லோரி ஒவ்வொன்றும் அவள் ஜன்னலுக்கு எதிரே மேடையேறி நின்று, அவள் தலையசைத்த பிறகுதான் இறங்கும்.

ஆனால் புதன், ஞாயிறு சாயங்காலங்களில் கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் அவளைப் பார்த்தவர்கள், இது வேறு ஆள் என்று சத்தியம் செய்வார்கள். கழுத்தில் விசில், கையில் குலை எண்ணும் கிளிக்கர், காலில் ரப்பர் ஷூ. குரல் ஆலைச் சங்கோடு போட்டி போடும்.

அவள் பழக்கிக்கொண்டிருந்தது அயர்லாந்துக்காரர்களின் கேலிக் கால்பந்து. பெயரை முதன்முதலில் கேட்டபோது லோகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கேலிக்குன்னே ஒரு பந்தாட்டமாக்கா? அப்ப நமக்குத்தான் சரியா வரும்லா!”

லோகேஸ்வரி என்கிற லோகி, செகிஞ்சான் படகுத்துறையிலிருந்து மீன் பெட்டிகளை வேனில் ஏற்றிக் கடை கடையாகப் போடுகிறவள். ஐஸோடு சேர்ந்த பெட்டியை ஒற்றைக் கையால் தூக்குவாள். அந்தக் கை யாரையாவது பிடித்துவிட்டால் பிடித்ததுதான். பழைய தோட்டத்துப் பெண்கள் கபடிக் குழுவுக்கு அவள்தான் தூண். பிரேமலா அதன் கேப்டன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாவட்டத்தில் பெண்கள் கபடிக்கு அணிகளே சேராமல் போயின. ஆட்டம் நின்றது. ஆட்டத்தோடு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பெண்கள் ஓரிடத்தில் கூடிச் சத்தம் போடுவதும் நின்றது. அதற்குப் பிறகு அவர்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் கல்யாண வீட்டில், பட்டுச் சேலையில், அடக்க ஒடுக்கமாக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கை மகளின் ஓட்டப்பந்தயத்துக்காகப் பிரேமலா கோலாலம்பூர் போயிருந்தாள். பக்கத்துத் திடலில் சில பெண்கள் பந்தைக் கையால் பிடித்தார்கள், ஓடினார்கள், தரையில் குத்தினார்கள், காலால் உதைத்துத் தங்கள் கைக்கே வரவழைத்தார்கள். பந்து எகிறி அவள் மடியில் வந்து விழுந்தது. பள்ளியில் நெட்பால் ஆடியவள், காலமெல்லாம் கபடி ஆடியவள், மாமா மகன்களோடு பந்து உதைத்தவள். மூன்றும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து கண்ணெதிரே நின்றால் சும்மா இருப்பாளா? பந்தைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பத்துக் கேள்வி கேட்டுவிட்டாள். அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஓர்லா என்ற அயர்லாந்து ஆசிரியை, சிரித்துக்கொண்டே பழைய பந்து ஒன்றைக் கொடுத்தனுப்பினாள்.

அந்த ஒரு பந்தில் பழைய கபடிக் குழு மறுபடியும் கூடியது.

திடலின் நடுப்பகுதி ஆண்களுடையது. அங்கே அவர்கள் கால்பந்து ஆடினார்கள். பெண்களுக்குக் கிடைத்தது கோல் கம்பத்துக்குப் பின்னால், இரண்டு பேட்மிண்டன் கோர்ட் அளவுள்ள மூலை. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். பிரேமலா கைப்பேசியில் பயிற்சிப் படங்களைப் பார்த்து, அயர்லாந்து இங்கிலீஷில் பாதி புரிந்து, மீதியைத் தானே இட்டுக்கட்டி, அந்த மூலையைக் கோலமாவால் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். ஒரு கட்டத்துக்குள் மூன்றுக்கு மூன்று பேர். இன்னொன்றில் நான்கு பேர் பந்தைக் கைமாற்ற, இரண்டு பேர் நடுவில் நின்று பறிக்கவேண்டும். அதற்கு அவள் வைத்த பெயர் ‘கோழிக்கூடு’. நாலு பக்கமும் இரண்டிரண்டு செருப்பைக் கோல் மாதிரி வைத்து ஆடுவது ‘நாலு வாசல்’.

“இத்துனூண்டு எடத்துல என்னாக்கா ஆடுறது? திரும்புனா இடிக்குது” என்றாள் உஷாராணி. கோல சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மெல்லிய குரல், அதைவிட மெல்லிய நடை.

பிரேமலா கிளிக்கரை நீட்டினாள். “போன வாரம் ஆம்பளைங்க இல்லாதப்ப பெரிய திடல்ல ஆடுனோமே, பத்து நிமிஷத்துல உன் கைக்குப் பந்து எத்தன தடவ வந்துச்சு தெரியுமா? மூணு. இன்னிக்கு இந்தக் கட்டத்துல? முப்பத்தொண்ணு.”

உஷாராணி கிளிக்கரையே பார்த்தாள். “முப்பத்தொண்ணா? அதான் கை வலிக்குது.”

சட்டங்களைச் சொல்லிக்கொடுப்பதில்தான் தமிழ் காலை வாரிவிட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் நடக்கக்கூடாது. தரையில் குத்தவேண்டும், அல்லது காலால் தட்டிக் கைக்கு எடுக்கவேண்டும். லோகி பந்தோடு ஓடியபோது பிரேமலா ஓரத்திலிருந்து கத்தினாள்: “லோகி, நாலு அடி! நாலு அடி!”

லோகி நின்றாள். பக்கத்தில் வந்த உஷாராணியின் முதுகில் வரிசையாக நாலு வைத்தாள்.

“அடியேய்!”

“அக்கா சொன்னாங்கடி, நான் என்னா பண்ண?”

அடுத்த வாரம் பிரேமலா வார்த்தையை மாற்றினாள். “நாலு எட்டு!” என்று கூவினாள்.

“நாலா எட்டா? ஒண்ண சொல்லுங்கக்கா, கொழப்பாதீங்க!”

கடைசியில் ‘குத்து’ என்ற சொல்லில் போய் நின்றது. அதையும் லோகி எப்படிப் புரிந்துகொள்வாளோ என்று பிரேமலா ஒரு ராத்திரி தூங்கவில்லை.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. கோலாலம்பூரில் பெண்களுக்கான எழுவர் போட்டி வருகிறது என்று ஓர்லா தகவல் அனுப்பினாள். போட்டியை நடத்தும் குழுவில் அவளும் ஒருத்தி. அதற்கு முன்னால் ஒரு நட்பாட்டம் ஆடிப் பாருங்களேன் என்று அழைத்தாள். வேன் வைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் பிரேமலா முகத்தை மூடிக்கொள்வாள். பந்து கையில் இருக்கும்வரை நன்றாகத்தான் ஆடினார்கள். எதிரணிப் பெண் பந்தோடு தங்கள் பக்கம் நுழைந்தாளோ இல்லையோ, ஒன்றரை வருஷப் பழக்கம் பறந்து, பத்து வருஷப் பழக்கம் திரும்பிவிட்டது. மூன்று பேர் கைகோத்துச் சங்கிலி போட்டு அவளைச் சுற்றி வளைத்தார்கள். லோகி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். விழுந்து, அசையாமல், நடுவர் விசிலுக்காகப் பெருமையோடு காத்திருந்தார்கள்.

விசில் வந்தது. பெருமைக்கல்ல.

பெண்கள் ஆடும் கேலிக் கால்பந்தில் ஆளைத் தொடக்கூடாது. பந்தை மட்டும் தட்டிப் பறிக்கலாம். அன்றைக்கு மொத்தம் இருபத்து மூன்று ஃபவுல். அகப்பட்டுக்கொண்ட பெண் அடியிலிருந்து சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். ஆனால் முழங்கால் சிராய்த்திருந்தது.

ஓர்லா பிரேமலாவைத் தனியாக அழைத்துப் பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “உங்கள் ஆட்டக்காரர்கள் அருமையானவர்கள். ஆனால் இப்படியே ஒரு அணியாக இறக்கினால் யாருக்காவது அடிபடும். போட்டிக் குழு ஒரு யோசனை சொல்கிறது. இவர்களை எங்கள் மற்ற அணிகளுக்கு ஆளுக்கொருவராகப் பிரித்துப் போட்டுவிடலாம்.”

பிரேமலா தூரத்தில் நின்ற உஷாராணியைப் பார்த்தாள். உஷாராணி தெரியாத பெண்களோடு, இங்கிலீஷ் பேசும் அணியில், தனியாக நிற்பாளா? ஒரு ஞாயிறு போவாள், மறு ஞாயிறு தலைவலி என்பாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உதிர்ந்துபோவார்கள். பிரித்த அணிக்குப் பயிற்றுநர் எதற்கு? மறுபடியும் கல்யாண வீட்டுப் பட்டுச் சேலைதான்.

“மூணு வாரம் குடுங்க. நீங்களே வந்து பாருங்க” என்றாள்.

ஓர்லா யோசித்தாள். “சரி. மூன்றாவது ஞாயிறு ஓர் அணியோடு உங்கள் திடலுக்கு வருகிறேன். நாற்பது நிமிஷ ஆட்டம். ஏழு ஃபவுல் வரை பரவாயில்லை. எட்டாவது வந்தால் பிரித்துத்தான் ஆகவேண்டும். சம்மதமா?”

ஏழு. இருபத்து மூன்றிலிருந்து ஏழு. வேனில் திரும்பும்போது பிரேமலா விரல்விட்டுக் கழித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதல் வாரம் கத்திப் பார்த்தாள். “புடிக்காதே!” என்று கத்தினால், கைகள் முதலில் பிடிக்கும், பிறகுதான் காதில் விழும். இரண்டாவது வாரத் தொடக்கத்தில், கைப்பேசியில் ஒரு பயிற்சி கண்ணில் பட்டது. தடுக்கிறவர்கள் ஆளுக்கு இரண்டு டென்னிஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். கை நிறைந்திருந்தால் பிடிக்க முடியாதல்லவா? தோட்டத்தில் டென்னிஸ் பந்துக்கு எங்கே போவது? அவள் வீட்டு வேலியோரம் எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள்.

“ஆளுக்கு ரெண்டு. கையில இறுக்கிப் புடிச்சுக்குங்க. மூணுக்கு மூணு. பறிக்கிறவ பழத்தோட பறிக்கணும். பழம் விழுந்தா அவ வெளிய.”

“பழத்த வச்சிக்கிட்டு எப்படிக்கா பந்தப் பறிக்கிறது?” என்றாள் லோகி.

“கைமுட்டியால தட்டு. அவ பந்தக் குத்துற நேரம் பாத்து தட்டு. காலப் பயன்படுத்து. முன்னால போய் நில்லு. கையத் தவிர உனக்கு வேற ஒண்ணும் இல்லியா?”

முதல் பத்து நிமிஷம் பழங்கள் மழையாகக் கொட்டின. லோகி மட்டும் ஆறு முறை வெளியே போனாள். நசுங்கிய ஒன்று உஷாராணியின் கண்ணில் பீய்ச்சியது. சிரிப்புச் சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. ஏழு மணிக்கு இருட்டிக்கொண்டு மழை வந்தது. எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணி ஆகியும் எடைமேடைக்கு ஒரு லோரிகூட வரவில்லை. பிரேமலா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எட்டரை. ஒன்பது. ஆலைப் பக்கமிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஒன்பதேகாலுக்கு மண்டோர் சுகுமாறன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். குலை வெட்டும் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மீசை பெரிது, நெஞ்சு சின்னது.

“இன்னிக்குக் குல வராது கிராணியம்மா. ஒருத்தனும் செம்பனக் காட்டுக்குள்ள போகல.”

“ஏன், என்னா ஆச்சு?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நம்ம திடல்ல யாரோ செய்வினை வச்சிருக்காங்க. வெள்ள மாவுல கட்டம் போட்டு, மூல மூலைக்கு எலுமிச்சம்பழம், நடுவுல நசுக்குன பழம். கம்பத்துல செவப்புத் துணி வேற கட்டியிருக்கு. செம பயங்கரம்லா! அந்த வழியாத்தான காட்டுக்குப் போகணும்? பங்களாதேஷ் ஆளுங்ககூட, எங்க ஊர்லயும் இது உண்டுன்னு அறையப் பூட்டிக்கிட்டாங்க. கோயில் தலைவர் பூசாரிக்கு ஆள் அனுப்பிட்டாரு.”

பிரேமலா நாற்காலியை விட்டு எழுந்தாள். மாவு அவளுடைய மாவு. சிவப்புத் துணி, இரண்டு அணியையும் பிரித்துக் காட்ட இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணி; மழையில் நனையவேண்டாமே என்று உஷாராணி கம்பத்தில் கட்டிவிட்டுப் போனது. மழை மாவைக்கூட முழுதாகக் கரைக்காமல் விட்டிருக்கிறது.

வாழ்நாள் முழுவதும் அவள் ஆயிரம் கவலைப்பட்டிருக்கிறாள். இப்படி ஒன்று அவள் பட்டியலில் இருந்ததே இல்லை.

சுகுமாறனின் மோட்டார் சைக்கிளிலேயே ஏறித் திடலுக்குப் போனாள். இருபது இருபத்தைந்து பேர் எட்ட நின்றார்கள். கோயில் தலைவர் தங்கராஜு, விபூதி பூசிய நெற்றியோடு முன்னால் நின்றார்.

“கிட்ட போகாத புள்ள!”

“ஐயா, அது என் பழம்” என்றாள் பிரேமலா.

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

“நீயா? நீயா வச்ச? யாருக்கு?”

“யாருக்கும் இல்லீங்கய்யா! பந்தாட்டத்துக்கு!”

“பந்தாட்டத்துக்கு எதுக்கும்மா எலுமிச்சம்பழம்?” என்றார் தங்கராஜு. நியாயமான கேள்விதான். “இந்தா பாரு, உண்மையச் சொல்லு. இல்லன்னா பூசாரி வந்து, திடலக் கட்டிப்போட்டுடுவாரு. ஒரு மண்டலத்துக்கு யாரும் கால் வைக்கக் கூடாது.”

ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். ஓர்லா வர இன்னும் பத்து நாள்தான். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பிரேமலாவுக்குப் புரிந்தது. அவள் நேரே நடந்து போய், மூலையில் கிடந்த பழங்களில் இரண்டைப் பொறுக்கினாள். கோயில் சுவரோரம் பந்து கிடந்தது. அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“மண்டோரே, கைய நீட்டுங்க.”

“நானா? ஐயோ, நான் மாட்டேன்!”

“என் வீட்டு வேலிப் பழம். போன மாசம் உங்க வீட்டு ஊறுகாய்க்குக் குடுத்தேனே, அதே மரம்.”

ஊறுகாய் ஞாபகம் வந்ததும் சுகுமாறன் கையை நீட்டினார். இரண்டு கையிலும் பழத்தை வைத்து மூடினாள். “இப்ப எங்கிட்டேருந்து பந்தப் பறிங்க. பழம் விழக்கூடாது. என்னத் தொடக்கூடாது. அவ்ளோதான்.”

ஆபீஸ் செருப்போடும் சுடிதாரோடும் அவள் கட்டத்துக்குள் இறங்கினாள். நான்கு அடி, ஒரு குத்து. நான்கு அடி, காலில் ஒரு தட்டு. சுகுமாறன் இடப்பக்கம் பாய்ந்தார். அவள் வலப்பக்கம் இருந்தாள். வலப்பக்கம் பாய்ந்தார், மீசை மட்டும்தான் போனது, அவள் பின்னால் நின்றாள். மூன்றாவது முறை அவர் கை தானாக அவள் தோளை நோக்கி விரிய, பழம் இரண்டும் புல்லில் உருண்டன.

“அவுட்டு!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பயம் போன இடம் தெரியவில்லை.

“மண்டோரே, குல வெட்டத்தான் லாயக்கு!”

“நான் வரேன், எங்கிட்ட குடு பழத்த!”

பத்து நிமிஷத்தில் ஐந்து பேர் தோற்றார்கள். ஆறாவதாகத் தங்கராஜுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பந்து கிடைக்கவில்லை. ஆனால் பழத்தை விடவில்லை. அதில் அவருக்கு ஏகத் திருப்தி.

“சரி புள்ள” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. “ஆடு. ஆனா பழத்த எண்ணிக் குடுத்து, எண்ணி வாங்கு. ஒண்ணுகூட தரையில கெடக்கக்கூடாது. செவப்புத் துணி வேணாம், பச்ச கட்டு. பூசாரிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன்.”

அன்றைக்குப் பதினொரு மணிக்கு முதல் லோரி மேடையேறியது. சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே குலை வெட்டும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து, எங்களையும் சேர்த்துக்கொள் என்று நின்றார்கள். பிரேமலா அவர்களிடம் பந்தைக் கொடுத்தாள். பெண்கள் கையில் பழத்தைக் கொடுத்தாள். வேகமாக ஓடும் ஆண்களைப் பழத்தோடு தடுக்கப் பழகிவிட்டால், கோலாலம்பூர்ப் பெண்கள் எம்மாத்திரம்? கோழிக்கூட்டில் நாலுக்கு இரண்டு, நாலு வாசலில் மூன்றுக்கு மூன்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். ஓரத்தில் கிளிக்கர் கிளிக் கிளிக்கென்றது. இப்போது அவள் எண்ணியது விழும் பழங்களை. அன்றைக்கு நாற்பது. ஞாயிறு பத்தொன்பது. அதற்கடுத்த புதன், எட்டு.

எட்டில் ஐந்து லோகியுடையவை.

மூன்றாவது ஞாயிறு வந்தது. நடுத்திடலை ஆண்கள் விட்டுக்கொடுத்தார்கள். கோல் கம்பங்களின் மேல் மூங்கில் கட்டி உயர்த்தியிருந்தார்கள். பந்து குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. தோட்டமே திரண்டு நின்றது. ஓர்லா நடுவராக விசிலோடு இறங்கினாள். கைக்குள் ஒரு எலுமிச்சையை வைத்துக்கொண்டு பிரேமலா ஓரத்தில் நின்றாள். மறு கையில் கிளிக்கர்.

முதல் பாதியில் நான்கு ஃபவுல். இடைவேளையில் அவள் யாரையும் திட்டவில்லை. திட்ட வாய் வறண்டிருந்தது. இரண்டாம் பாதியில் ஐந்தாவது. உஷாராணி இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து ஒரு புள்ளி அடித்தாள். ஆறு. ஏழு. ஏழாவது லோகி. பழக்கத்தில் ஒரு பெண்ணின் சட்டையைப் பிடித்துவிட்டு, தன் கையையே பார்த்து அதன் மேல் ஒரு அடி போட்டாள். இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

அப்போதுதான் கோலாலம்பூர் அணியின் மிக வேகமான பெண், பந்தைத் தட்டித் தட்டி எல்லாரையும் தாண்டி வந்தாள். எதிரில் லோகி மட்டும்தான்.

தோட்டம் முழுக்க ஒரே குரலில் கத்தியது. “புடி லோகி! புடி! புடி!”

பத்து வருஷம் அந்தக் கூட்டம் அப்படித்தான் கத்தியிருக்கிறது. பத்து வருஷம் அந்தக் கைகள் அதைக் கேட்டிருக்கின்றன. லோகியின் விரல்கள் விரிவதைப் பிரேமலா பார்த்தாள்.

“பழம்!” என்று கத்தினாள். ஆலைச் சங்கு தோற்றது. “லோகி, பழம்!”

விரல்கள் மூடின. இல்லாத இரண்டு எலுமிச்சையை இறுக்கிக்கொண்டு லோகி பக்கவாட்டில் கூடவே ஓடினாள். ஒரு அடி, இரண்டு, மூன்று, நான்கு. அந்தப் பெண் பந்தைத் தரையில் குத்தியாகவேண்டும். குத்தினாள். பந்து மேலே வரும் அந்த நொடியில், லோகியின் கைமுட்டி அவளைத் தொடாமல் பந்தை மட்டும் தட்டிவிட்டது. பந்து உருண்டு உஷாராணியிடம் போயிற்று.

ஓர்லா விசிலை வாயில் வைத்தாள். பிரேமலாவின் கட்டைவிரல் கிளிக்கரின் மேல் நின்றது. ஓர்லா விசிலை எடுத்துவிட்டு, ‘ஆடுங்கள்’ என்று கை காட்டினாள்.

ஆட்டத்தில் சுங்கை செராய் நான்கு புள்ளியில் தோற்றது. அது தோட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கடைசி விசில் ஊதியதும் ஆண்களும் பெண்களும் திடலுக்குள் பாய்ந்து லோகியைத் தூக்கினார்கள். தங்கராஜு எதிரணிப் பெண்களுக்கெல்லாம் விபூதி பூசிவிட்டார்.

ஓர்லா வியர்வையோடு பிரேமலாவிடம் வந்தாள். “ஏழு. ஒரு அணியாகவே வாருங்கள்” என்றாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். “ஒன்று மட்டும் புரியவில்லை. உங்கள் ஆட்கள் ஏன் எல்லாருமே கையைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்? நீங்கள் என்னவோ கத்தினீர்களே, அது என்ன?”

பிரேமலா தன் கையை விரித்தாள். நாற்பது நிமிஷமும் அவள் பிடித்திருந்த பழம் தோலும் கொட்டையுமாக நசுங்கி, சாறு முழங்கைவரை வழிந்து காய்ந்திருந்தது. ஓர்லா அதைப் பார்த்தாள், லோகியின் கைகளைப் பார்த்தாள், பிறகு புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தோள்களிலிருந்து இறங்கிய லோகி அங்கே வந்து, பிரேமலாவின் காலடியிலிருந்த பழப் பையைத் தூக்கினாள்.

“போதும்கா. பத்து நாளா கையில வச்சே சாவடிச்சிட்டீங்க. உஷா, ஐஸ் எடுத்துட்டு வா, என் வேன்ல இருக்கு. எல்லாருக்கும் எலுமிச்சையப் புழிஞ்சு ஆயர் லீமாவ் போடுவோம்.”

“மீன் ஐஸா?” என்று பதறினாள் பிரேமலா. “வயித்துக்கு ஏதாச்சும் ஆயிட்டா? அடுத்த மாசம் போட்டி இருக்குலா! ஏய், நல்ல ஐஸ் வாங்கிட்டு வாங்கடி! அப்புறம் பழத்த எண்ணிப் போடுங்க, தலைவர் கேப்பாரு!”